கொய்சுவல் – ஒரு பிடரிமயிரின் வரலாறு

குதிரையின் கழுத்தில் வளரும் மயிருக்குத் தமிழில் பழம்பெயர்கள் சில உண்டு. அவற்றுள் 'உளை', 'சுவல்' என்னும் இரண்டும் சங்கச் சான்றோர் விரும்பி ஆண்டவை. இன்று நாம் பிடரிமயிர் என்று பொதுப்படச் சொல்லி அமைகிறோம். அக்காலத்தாரோ, கொய்து சீர்செய்த பிடரிமயிரையுடைய குதிரையைத் தனியே சுட்டக் 'கொய்சுவல்' என்றும் 'கொய்யுளை' என்றும் அடைமொழிகள் வைத்திருந்தனர். பூக் கொய்தல், தினை கொய்தல், கீரை கொய்தல் என நாம் அறிந்த அதே வினைச்சொல் குதிரையின் கழுத்துக்கும் வந்து பொருந்தியிருக்கிறது. ஒரு செயலுக்கென நிலைத்த சொல் ஒரு மொழியில் இருக்குமாயின், அச்செயல் அந்நாட்டில் பலரும் கண்டு பழகியது என்று கொள்வதில் தவறில்லை.

இருபுறமும் சிதறி விழுந்து, கடிவாள வாரோடு சிக்கி, சீப்புக்கும் அடங்காமல் நிற்கும் பிடரிமயிரைக் கொய்துவிடுவதா, வளரவிட்டுப் பேணுவதா என்னும் கேள்வி குதிரை வளர்ப்போர்க்கு என்றேனும் ஒருநாள் எழுவதே. கேட்பதற்குச் சிறு செய்தி. ஆயினும் பல நாட்டு மக்கள், பல நூற்றாண்டுகளாக, இக்கேள்விக்கு வெவ்வேறு விடை கூறியிருக்கின்றனர். அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொரு காலமும் தன் ஆளுகைக்குட்பட்ட வாயில்லா உயிரை எவ்வாறு கருதியது என்பது தெளிவாகும்.

அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு முடிவு எழுதப்பட்டிருந்தால், அம்முடிவால் நன்மையோ தீமையோ அடையப்போகிறவரின் தரப்பு அக்கோப்பில் எங்கேனும் பதிவாகியிருக்கிறதா என்று பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம். குதிரையின் பிடரிமயிர் பற்றிய இந்த நெடுங்கோப்பையும் அவ்வாறே புரட்டிப் பார்க்கலாம்.

கேள்வி பிறந்த கதை

இயற்கையில் இக்கேள்விக்கே இடமில்லை. மங்கோலியப் புல்வெளிகளில் வாழும் 'தாக்கி' என்னும் காட்டுக் குதிரைக்குப் பிடரிமயிர் குட்டையாக, தூரிகைபோல் நிமிர்ந்து நிற்கும். வரிக்குதிரைக்கும் கழுதைக்கும் அவ்வாறே. பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் தீட்டிய குதிரைகளும் நிமிர்ந்த பிடரிமயிருடனேயே காணப்படுகின்றன. நீண்டு தழைந்து கழுத்தின்மேல் புரளும் பிடரிமயிர் வளர்ப்புக் குதிரைக்கே உரியது. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதையர், கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள புல்வெளிப் பகுதியிலிருந்து கி.மு. 2200-ஐ ஒட்டிய காலத்தில் உலகெங்கும் பரவத் தொடங்கியமையை 2021-இல் வெளிவந்த மரபணு ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே, அடங்காத பிடரிமயிர் என்பதே மனிதனோடு குதிரை சேர்ந்து வாழ்ந்ததன் விளைவு. சிக்கலுக்கு இடம் கொடுத்தவனே அதைத் தீர்க்கவும் கத்தியைக் கையில் எடுத்தான்.

கொய்தவர்கள்

பிடரிமயிரைக் கொய்தோர்க்கு வலுவான காரணங்கள் இருந்தன. குதிரைமேல் இருந்தபடி வில்லை வளைப்பவனுக்குக் காற்றில் பறக்கும் நீண்ட மயிர் பெரும் இடையூறு. தேரோட்டிக்கு அது கடிவாள வாரோடு பின்னிக்கொள்ளும். லாயத்தில் பணி செய்வோனுக்கோ, வியர்வையும் புழுதியும் சடையாகத் திரண்ட மயிரை நாள்தோறும் பிரித்து வாருவதினும் ஒரே நாளில் கொய்துவிடுவது எளிது.

அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னுமிடத்தில் உள்ள கல்லறை மேடுகள் 1929-இலும் பின்னர் 1947 முதல் 1949 வரையிலும் அகழப்பட்டன. நிலத்தடிப் பனிக்கட்டி அங்கே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரைகளின் தோலையும் மயிரையும் அழியாமல் காத்துவைத்திருந்தது. அக்குதிரைகளின் பிடரிமயிர் கொய்யப்பட்டிருந்தது. கொய்த இடம் வெறுமையாகத் தோன்றாதிருக்கக் கம்பளத்தாலும் தோலாலும் செய்த பிடரி உறைகள் அணிவிக்கப்பட்டிருந்தன. இயற்கை தந்ததை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் தம் கைவேலையை வைத்து அழகு பார்த்த மக்கள் அவர்கள்.

சீன நாட்டில் 1974-ஆம் ஆண்டில் கிணறு தோண்டிய உழவர்களால் வெளிப்பட்ட சுடுமண் படையை யாவரும் அறிவர். சின் பேரரசனின் கல்லறையைக் காக்க நிற்கும் அப்படையின் குதிரைகளும் பிடரிமயிர் குட்டையாகக் கொய்யப்பட்டு, நெற்றிமயிர் மட்டும் இருபுறம் வகிர்ந்து விடப்பட்டவையாகவே வடிக்கப்பட்டுள்ளன. அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் பிற்பட்ட தாங் பேரரசன் தைசுங், தான் போரில் ஏறிய ஆறு குதிரைகளைத் தன் கல்லறைக்கெனக் கற்பலகைகளில் செதுக்குவித்தான். அவற்றின் பிடரிமயிர் கோட்டை மதிலின் முகப்புப்போல் மூன்று கொத்துகளாக விட்டுவிட்டுக் கொய்யப்பட்டிருக்கிறது. அப்பலகைகளுள் நான்கு இன்று சீயான் நகரிலும், இரண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் உள்ளன. இங்கே கொய்தல் வசதிக்காக மட்டும் நிகழவில்லை. இது மன்னன் குதிரை என்று காட்டும் அடையாளமாகவும் அது அமைந்துவிட்டது.

கிரேக்கத்தின் ஏதென்சு நகரில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுந்த பார்த்தினன் கோயிலின் புடைப்புச் சிற்பங்களிலும் குட்டையாகக் கொய்த, நிமிர்ந்த பிடரிமயிருடைய குதிரைகள் துள்ளிச் செல்கின்றன. ஆனால் அதே ஏதென்சில் பிறந்த ஒருவர்தாம் கொய்தலுக்கு எதிரான முதற்குரல்களுள் ஒன்றை எழுப்பினார்.

வளரவிட்டவர்கள்

செனோபன் என்னும் அவ்வறிஞர் படைத்தலைவர்; வரலாற்றாசிரியர்; சாக்ரட்டீசின் மாணாக்கர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அவர் குதிரையேற்றம் பற்றித் தனி நூல் ஒன்று இயற்றினார். நெற்றிமயிரையும் பிடரிமயிரையும் வாலையும் நீரால் கழுவித் தழைக்கவிட வேண்டும் என்பது அவர் கருத்து. கண்ணில் தூசியும் பூச்சியும் படாதிருக்க நெற்றிமயிர்; ஈயோட்ட வால்; ஏறுவோன் பற்றிக்கொள்ளப் பிடரிமயிர் என ஒவ்வொன்றிற்கும் அவர் பயன் காண்கிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. செனோபன் காலத்தில் அங்கவடி கிடையாது. கால் வைத்து ஏற ஒன்றும் இல்லாதபோது, ஏறுவோன் பிடரிமயிரைப் பற்றித் தாவியே குதிரைமேல் அமர வேண்டும். இரு காலுக்கும் அங்கவடி பயன்பட்டமைக்கான பழஞ்சான்றுகள் சீனத்தில் கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளிலேயே கிடைக்கின்றன. ஆகவே செனோபன் கூறிய மூன்று பயன்களுள் இரண்டு குதிரைக்குரியன, மூன்றாவது ஏறுவோனுக்குரியது. பிடரிமயிரைக் காத்தவரும் தம் கைப்பிடியை மறக்கவில்லை.

கோவேறு கழுதை ஈனுவிப்போர் பெண்குதிரையின் பிடரிமயிரைக் கொய்துவிடும் வழக்கத்தையும் அவரே குறிக்கிறார். நீண்ட பிடரிமயிருள்ள குதிரை ஆண்கழுதையை எளிதில் ஏற்காது என்பது அக்காலத்தார் நம்பிக்கை. பிடரிமயிரே குதிரையின் பெருமிதம் என்றும், அதைக் களைந்தால் செருக்கு அடங்கும் என்றும் எண்ணினர். மயிரைக் கொய்வது மானத்தைக் கொய்வது என்னும் இந்த எண்ணம், மயிர் நீப்பின் வாழாக் கவரிமானைக் குறளில் படித்து வளர்ந்த நமக்குப் புதிதன்று.

குதிரையின் தரப்பையே முழுதும் பேசும் குரல் அரபு நாட்டிலிருந்து வருகிறது. நபிமொழித் தொகுப்புகளுள் ஒன்றாகிய அபூதாவூதின் தொகுப்பில், குதிரையின் நெற்றிமயிரையும் பிடரிமயிரையும் வாலையும் கத்தரித்தல் ஆகாது என்னும் அறிவுரை காணப்படுகிறது. வால் அதற்கு ஈயோட்டி. பிடரிமயிர் அதற்குக் குளிர்காக்கும் போர்வை. நெற்றிமயிரில் நலம் பிணைந்துள்ளது என்பன அங்குக் கூறப்படும் காரணங்கள். இங்கே வீரனின் கைப்பிடி பற்றிய பேச்சே இல்லை. குதிரைக்குக் குளிரும், குதிரையை ஈ கடிக்கும் என்பவையே போதிய காரணங்களாகக் கொள்ளப்பட்டன. நாம் புரட்டும் கோப்பில் குதிரையின் தரப்பு தெளிவாகப் பதிவான பக்கம் இதுவே எனலாம்.

மங்கோலிய மேய்ப்பர்கள் இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி கண்டனர். காயடித்து ஏறுதற்குப் பழக்கிய குதிரைகளின் பிடரிமயிரை அவர்கள் கொய்வர். மந்தையைக் காக்கும் பொலிகுதிரையின் பிடரிமயிரிலோ கத்தி படவிடுவதில்லை. உழைப்பதற்கு ஒரு நீதி, தலைமைக்கு ஒரு நீதி என அது அமைந்துவிட்டது.

துயரில் கொய்த மயிர்

இதுவரை கண்டவை வசதியும் அழகும் பற்றியவை. துயரின் பொருட்டும் குதிரையின் பிடரிமயிர் கொய்யப்பட்டது. கி.மு. 479-இல் பிளாட்டியாப் போர்க்களத்தில் பாரசீகக் குதிரைப்படைத் தலைவன் மசிஸ்டியசு வீழ்ந்தபோது, பாரசீகர் தம் தலைமயிரையும் தம் குதிரைகள், சுமைவிலங்குகள் ஆகியவற்றின் மயிரையும் மழித்துப் புலம்பினர் என்று ஹெரோடோட்டசு எழுதுகிறார். கி.மு. 364-இல் தீப்சு நகரத் தலைவன் பெலோபிதாசு களத்தில் மாண்டபோது, வீரர்கள் தம் காயங்களைக் கட்டுவதற்கும் முன்னர்க் குதிரைகளின் பிடரிமயிரைக் கொய்து தம் முடியையும் களைந்தனர் என்று புளூட்டார்க் கூறுகிறார். கி.மு. 324-இல் தன் ஆருயிர்த் தோழன் எபெசுதியனை இழந்த அலெக்சாந்தர், படையிலிருந்த எல்லாக் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் பிடரிமயிரையும் வால்மயிரையும் கொய்ய ஆணையிட்டான்.

இறந்தோர் பொருட்டு முடி களைதல் நம் நாட்டிலும் உள்ள வழக்கமே. அத்துயரில் குதிரையையும் உறவாக்கிக்கொண்ட நெஞ்சம் நமக்கு விளங்காததன்று. எனினும், உறவாக்கப்பட்ட குதிரைக்கு அத்துயரில் என்ன பங்கு என்று அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில்

பாரத நாட்டின் பழைய நூல்களில் பிடரிமயிர் கொய்யப்படாமல் அணிசெய்யப்படும் காட்சி ஒன்று உண்டு. பரிவேள்வியில் விடப்பட்டு மீண்ட குதிரையின் பிடரிமயிரிலும் வாலிலும் அரசியர் மணிகளைக் கோத்துப் பின்னுவதைச் சதபத பிராமணம் விரித்துரைக்கிறது. அவ்வளவு அன்போடு அணிசெய்யப்பட்ட குதிரை அடுத்து அடையப்போவது வேள்விக் களத்தின் முடிவை. ஆகவே, வளரவிட்டவரெல்லாம் குதிரைக்கு இரங்கியவர், கொய்தவரெல்லாம் இரக்கமற்றவர் என்று பிரித்துவிட இயலாது.

வடகிழக்கில் மணிப்பூர் மக்கள் குதிரைமேலிருந்து ஆடிய பந்தாட்டத்தைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் 1859-இல் சில்சாரிலும் 1862-இல் கல்கத்தாவிலும் போலோ மன்றங்களை நிறுவினர். இன்று உலகெங்கும் போலோ ஆடும் குதிரைகளின் பிடரிமயிர் அடியோடு மழிக்கப்படுகிறது. வால் பின்னி மடித்துக் கட்டப்படுகிறது. ஆட்டக்கோலும் கடிவாள வாரும் மயிரில் சிக்கினால் ஏறியவனுக்கும் குதிரைக்கும் ஒருசேரக் கேடு விளையும் என்பதே காரணம்.

தலைநகரில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் இக்கேள்வியின் மற்றொரு விடையைக் கண்ணெதிரே கண்டிருக்கும். 1773-இல் தோற்றுவிக்கப்பட்டு, குடியரசு மலர்ந்தபின் குடியரசுத் தலைவரின் மெய்க்காவற்படையாக விளங்கும் குதிரைவீரர்களைச் சனவரி 26-ஆம் நாள் அணிவகுப்பிலும், குடியரசுத் தலைவர் மாளிகை முன்றிலில் நடக்கும் காவலர் மாற்றச் சடங்கிலும் குழந்தைகளுக்குக் காட்டி மகிழ்கிறோம். இந்தியப் படைக் குதிரைகளுள் முழுப் பிடரிமயிரோடு விளங்கும் உரிமை அவர்கள் ஏறும் குதிரைகளுக்கே உண்டு என்பது அப்படையின் மரபு. ஓர் உயிர்க்கு இயல்பாக வளர்வது, பதவியோடு சேர்ந்த சலுகையாகிவிட்டது. அலுவலகத்தில் யாருக்கு எவ்வகை நாற்காலி என்பதற்கும் விதி உண்டல்லவா?

குதிரைக்கு வேண்டுவது எது?

இனிக் குதிரையின் பக்கம் நின்று பார்ப்போம். பிடரிமயிர் கழுத்தில் ஈ அமராமல் காக்கிறது. மழைநீரைக் கழுத்தினின்று வழித்துவிடுகிறது. ஒரு முறை அடியோடு மழித்தால் மீண்டும் பழைய நீளத்தை அடைய ஓராண்டுக்கு மேலாகும். இடைக்காலத்தில் அது சாயவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் முன்னிலும் தாறுமாறாகத் தோன்றும். அடங்காத மயிருக்குத் தீர்வு என்று மழிக்கத் தொடங்குவோர், அதே அழகைக் காக்கச் சில வாரங்களுக்கு ஒரு முறை மழித்துக்கொண்டே இருக்க நேரிடும். மயிரை நனைத்து ஒரு புறமாக வாரி, தளரப் பின்னிச் சில நாள் விட்டுப் பழக்கினால் பெரும்பாலும் அது வசப்படும். வேலை கூடுதல், ஆனால் குதிரைக்கு இழப்பில்லை. சிறு பூச்சிகளின் கடியால் கழுத்துத் தோல் புண்ணாகிக் குதிரை அதை மரத்தில் தேய்த்துக்கொள்ளும் நோயில், மருந்திடுவதற்காக மயிரைக் களைய நேர்வதும் உண்டு. அப்போது கொய்தலே இரக்கம்.

இங்கேதான் வரலாறு நமக்கு ஓர் அளவுகோல் தருகிறது. மேலைநாடுகளில் வண்டிக் குதிரைகளுக்கு அழகு கருதியும், வால் கடிவாள வாரில் சிக்காதிருக்கவும் வாலையே எலும்போடு துண்டிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1877-இல் ஆன்னா சூவெல் எழுதிய 'பிளாக் பியூட்டி' என்னும் நாவலில், இளமையில் வால் இழந்த முதிய குதிரை ஒன்று, வாழ்நாளெல்லாம் ஈயோட்ட இயலாமற்போன தன் வேதனையைக் கூறுகிறது. பிரித்தானியா 1949-இல் சட்டம் இயற்றி அவ்வழக்கத்தைத் தடைசெய்தது. விலங்கின் உறுப்பைச் சிதைப்பதை நம் நாட்டு 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகக் கொள்கிறது. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 சூலை 1 முதல் மற்றொரு படி மேற்சென்றது. குதிரையின் வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் உள்ள உணர்மயிர்களை மழித்த குதிரை அதன் போட்டிகளில் கலந்துகொள்ள இயலாது. குதிரை தன் மூக்கின்கீழ் உள்ளதைக் கண்ணால் காண இயலாது. அம்மயிர்களால் தொட்டே அறிகிறது என்பது காரணம்.

பிடரிமயிரைக் கொய்வதற்கு அத்தகைய தடை இல்லை. கொய்த மயிர் வளரும். வெட்டிய வால் வளராது. மயிர்க்காம்பின் மேல் உணர்ச்சி இல்லை; உணர்மயிரின் அடியில் நரம்பு உண்டு. நீக்குவது திரும்பி வருமா, நீக்கப்படும் உயிர்க்கு அதனால் என்ன குறையும் என்னும் இரு வினாக்களையும் கேட்டபின் கத்தரியை எடுப்பதே முறை. இவ்வளவு எளிய வினாக்களைக் கேட்க மனித குலத்துக்கு நாலாயிரம் ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

குறுங்குடி மருதனார் காட்டும் தேர்

நம் இலக்கியத்தில் இக்கேள்விக்கு ஏதேனும் ஒளி உண்டா என்று தேடுவோர் அகநானூற்றின் நான்காம் பாட்டைக் காணலாம். குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு அது. வினைமுடித்து மீளும் தலைவனின் தேர் கார்காலக் காட்டின் வழியே விரைந்து வருகிறது. தேரை இழுப்பவை பிடரிமயிர் கொய்யப்பட்ட குதிரைகள். அவற்றின் கடிவாள வாரையும் புலவர் உடன் பேசுகிறார். விரைந்தோடும் தேரில் வாரும் மயிரும் சிக்கலாகாது என்பதற்காகவே சுவல் கொய்யப்பட்டிருக்க வேண்டும் என்று நாம் ஊகிக்கலாம்.

அத்தலைவன் வேறொன்றும் செய்திருக்கிறான். மலரில் தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசையால் கலங்கிவிடும் என்று அஞ்சி, மணிகளின் நாக்குகளை அசையாமல் கட்டியிருக்கிறான். மனைவியைக் காணும் ஆவல் ஒருபுறம். காலம் கடந்துவிடுமோ என்னும் கவலை ஒருபுறம். அந்நிலையிலும், தன் தேருக்கு ஒரு தொடர்பும் இல்லாத, தன்னைப் பற்றி ஒன்றும் அறியாத சிற்றுயிர்களின் தரப்பை நினைத்துப் பார்க்கிறான். குதிரையின் சுவலைக் கொய்ததும் மணியின் நாவைக் கட்டியதும் ஒரே தேரில் நடந்தவை. முன்னது தன் பயணத்தின் பொருட்டு. பின்னது பிறிதோர் உயிரின் பொருட்டு. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்த புலவரின் உள்ளம் எண்ணி மகிழத்தக்கது.

குதிரை தமிழ்நாட்டில் தோன்றிய விலங்கன்று. பூம்புகாரில் கடல்வழி வந்திறங்கிய பொருள்களுள் குதிரைகளையும் பட்டினப்பாலை குறிக்கிறது. வந்தேறிய அவ்விலங்கிற்குத் தமிழ் தன் சொற்களை வாரி வழங்கிச் சொந்தமாக்கிக்கொண்டது. பிற மண்ணில் வந்து வாழும் நாம் உளை, சுவல், கொய்சுவல் என்னும் அச்சொற்களை மறவாமல் நம் மக்களுக்குச் சொல்லிவைப்போம். அடுத்த சனவரித் திங்களில் அணிவகுப்புக் குதிரைகளைக் காட்டும்போது, இதன் மயிர் ஏன் நீளம், அதன் மயிர் ஏன் குட்டை என்று குழந்தை கேட்கும். விடை சொல்லிவிட்டு, குதிரைக்கு எது பிடிக்கும் என்று அக்குழந்தையையே திருப்பிக் கேட்கலாம். அந்த வினாவைச் சிறு வயதிலேயே கேட்டுப் பழகியவர், பிற்காலத்தில் எந்தக் கோப்பிலும் வாய்பேசாதார் பக்கத்தை வெற்றாக விடமாட்டார்.